அவளுக்குத் தண்ணீர் பிடிக்கும்

என் கணவர் வேலை பார்த்த காலமெல்லாம் சுரங்கத்திலிருந்து தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஊற்று அழுத்திக்கொண்டே இருக்கும், பம்ப் நின்றால் சுரங்கம் ஏரியாகிவிடும் என்பார். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வரும்போது அவர் பேண்ட்டின் கால்பக்கம் முழங்கால் வரை நனைந்திருக்கும். ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போது, சட்டைக்குள் எதையோ அணைத்தபடி ஒரு நாள் வீட்டுக்குள் வந்தார். கறுப்பாக ஒரு மூக்கு பொத்தான் இடைவெளியில் எட்டிப் பார்த்தது.

"என்னங்க இது?"

"லேப்ரடார் குட்டி. பக்கத்து பிளாக்குல ஆபீசர் வூட்டுல போட்டுது. பொட்டைன்னு யாரும் எடுக்கல."

"ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸ காலி பண்ணப்போற நேரத்துல இதை யார் பார்த்துக்கிறது?"

"நான் பாத்துக்கறேன். அப்புறம் எனக்கு இன்னா வேலை?"

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் நாய் என்றால் வாசலுக்கு வெளியேதான். இது முதல் நாளே அடுக்களை வரை வந்துவிட்டது. குடிக்க வைத்த தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இரண்டு முன்னங்கால்களையும் விட்டு, மண்ணைத் தோண்டுவதுபோல் தண்ணீரைத் தோண்டியது. தரையெல்லாம் வெள்ளம். துணியோடு நான் நிற்க, அவர் சிரித்தார். பம்ப்காரர் வீட்டுக்கு ஏற்ற பிள்ளைதான் என்று எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பேச்சில் அது முதலிலிருந்தே 'அவள்'. எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

அந்த இனத்தைப் பற்றி அவர் கேட்டும் பார்த்தும் நிறையத் தெரிந்துகொண்டார். எனக்குச் சொல்லாமல் இருக்கவும் அவரால் முடியாது. இதன் முன்னோர்கள் குளிர்க்கடலில் மீனவர்களோடு திரிந்தவையாம். வலையை இழுத்துக் கொடுக்குமாம். பிறகு வேட்டைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். வாத்தைச் சுட்டு, அது ஏரி நடுவில் விழுந்தால் நீந்திப்போய்க் கவ்விக்கொண்டு வருவது இதன் வேலை. அவள் காலை விரித்துக் காட்டினார். விரல்களுக்கு நடுவில் தவளைக்கு இருப்பதுபோல் மெல்லிய தோல் இருந்தது. வால் அடிப்பக்கம் தடித்து, நுனியில் கூம்பியிருந்தது. நீந்தும்போது திரும்புவதற்கு அதுதான் உதவுகிறதாம். மயிரும் இரண்டு அடுக்கு. மேலே முரடு, உள்ளே பஞ்சு. எண்ணெய் தடவியதுபோல் இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது. அடிக்கடி சோப்புப் போட்டால் அந்த எண்ணெய் போய்விடும் என்று என் கையிலிருந்து சோப்பைப் பிடுங்கிவைத்தார். அந்த உள்மயிர் கோடைக்கு முன்னால் கொத்துக் கொத்தாக உதிரும். என் சாம்பாரில்கூட அவள் இருந்தாள்.

"கவ்வினா வாத்து கிழிஞ்சுபோகாதா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அதான் இவ வாயோட விசேஷம். அவ்ளோ மெத்துனு புடிப்பா."

நான் நம்பவில்லை. சில நாள் கழித்து, கூடையில் வைத்திருந்த முட்டைகளில் ஒன்று குறைந்தது. தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் மடியில் முட்டை இருந்தது. கீறல் விழாத முழு முட்டை, எச்சில் மட்டும் வழிந்தது. அவள் வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஏதாவது ஒன்றைக் கவ்விக் கொண்டுவந்து யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் அவளுக்கு. செருப்பு, தேங்காய் மட்டை, என் உள்பாவாடை, எதுவானாலும் சரி.

இன்னொரு குணம் பசி. சாப்பிட்ட கையோடு சாப்பிடாதவள்போல முகத்தை வைத்துக்கொள்வாள். காடாம்புலியூரிலிருந்து அவருடைய ஷிப்ட் நண்பர் ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அறுத்துவைத்த பாதிப் பழத்தைச் சுளையும் சடையுமாக விழுங்கிவிட்டு, வாயெல்லாம் பால் ஒட்டி, எங்களைப் பாவமாகப் பார்த்தாள். மறுநாள் முழுவதும் வாந்தி. கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "சார், இந்த சாதிக்கு வயிறு நிறைஞ்சதே தெரியாது. நீங்கதான் நிறுத்தணும். எடை ஏறினா இடுப்பு போயிடும். அதுதான் இதுங்களுக்கு வீக்னஸ்."

அதன் பிறகு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டார். காலையில் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம். வேகவைத்த கோழியும் சோறும், கொஞ்சம் காரட். நான் தோசைத் துண்டு போட்டால்கூட முறைப்பார்.

ஓய்வு பெற்றபின் நகரியத்துக்கு வெளியே கட்டியிருந்த எங்கள் சின்ன வீட்டுக்கு வந்தோம். குவார்ட்டர்ஸில் இருந்ததுபோல் பெரிய தோட்டம் இல்லை. பின்னால் கொஞ்சம் மண், ஒரு கொய்யாமரம். ஆனால் சற்றுத் தூரம் நடந்தால் கால்வாய். சுரங்கத்திலிருந்து பம்ப் இறைத்துத் தள்ளும் தண்ணீர் அதில்தான் ஓடும். ஆழத்திலிருந்து வருவதால் மார்கழியில்கூட வெதுவெதுப்பாக இருக்கும். இத்தனை வருடமும் தள்ளிவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று இப்போதுதான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொன்னார்.

வெயில் ஏறும் முன்பு இருவரும் போய்விடுவார்கள். அவள் கறுப்பு என்பதால் வெயில் சீக்கிரம் பிடித்துவிடும், தார் ரோடு சுட்டால் பாதம் பொத்துப்போகும். அவர் தென்னை மட்டையை எறிவார், அவள் பாய்ந்து கவ்விக்கொண்டு வருவாள். ஓய்ந்தது அவர் கைதான். வீட்டுக்கு வந்ததும் அடுத்த வேலை தொடங்கும். பழைய துண்டு ஒன்றை எடுத்து முதலில் முதுகு, பிறகு வயிறு, பிறகு விரல்களுக்கு நடுவில் இருக்கும் தோல். கடைசியில் காது. தொங்கு காது என்பதால் உள்ளே ஈரம் நின்றால் சீழ் பிடிக்கும். மடலைத் திருப்பி, மருந்துத் தண்ணீர் விட்டு, பஞ்சால் துடைத்து, மோந்து பார்ப்பார். வாடை இருந்தால் மருத்துவரிடம் கிளம்பிவிடுவார். உண்ணி இருக்கிறதா என்று கழுத்தைத் தடவுவார். அந்த நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு அவர் தொடைமேல் தாடையை வைத்திருப்பாள். எங்கள் பெண் குழந்தையாக இருந்தபோது அவர் ஒரு நாளும் தலை துவட்டிவிட்டதில்லை. ஷிப்ட் விடவில்லை. இதைப் போனில் சொன்னபோது கோயம்புத்தூரிலிருந்து மகள் சிரித்தாள்.

அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது உடம்பு பெருக்கத் தொடங்கியது. மேசைபோல் முதுகு அகன்றது. விலாவைத் தடவினால் எலும்பு தட்டவில்லை. உட்கார்ந்தால் எழ யோசித்தாள். பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயல்போல் தாவி நடந்தாள். வயதாகிறது என்று நினைத்தோம். மருத்துவர் எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கோபமாகத் திரும்பினார்.

"என்ன சார் போடுறீங்க இவளுக்கு?"

"அதே ஒரு கிண்ணம்தான் சார். ரெண்டு வேளை."

"இருக்கவே முடியாது. வேற யாராவது வைக்கிறாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அக்கம்பக்கத்தில் யாராவது வைக்கிறார்களோ என்று பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கிண்ணத்தில் சோறு போட்டு அவளுக்கு வைத்தார். அவள் தின்று முடித்தாள். அவர் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். செய்தித்தாளைப் புரட்டினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து கிண்ணத்தை எடுத்தார், சோறு போட்டார், வைத்தார். "சாப்புடு புள்ள, நேரமாயிட்ச்சி" என்றார். அவள் முதல் தடவைபோலவே தின்றாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத சாதி. நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்று மத்தியானத்துக்குள் அவர் மூன்றாம் தடவையும் எழுந்தார்.

"இப்பத்தானே வச்சீங்க?"

"நானா? இல்லியே." பொய் சொல்கிற முகம் இல்லை. கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வச்சுட்டனா?"

பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். கிழமை கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். பெரிய பெரிய பம்ப்புகளைப் பிரித்து மாட்டிய மனிதர், வட்டத்துக்குள் எண்களை எல்லாம் ஒரே பக்கமாக எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். மறதி நோய், குறையாது, மெதுவாகக் கூடும், மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும் என்று மருத்துவர் சொன்னார். திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் கேட்டது ஒன்றுதான்: "அவளுக்கு யாரு சோறு வச்சாங்க?"

அன்றிலிருந்து கிண்ணம் என் கைக்கு வந்தது. ஏறிய எடையை இறக்கியும் அவளுடைய இடுப்பு திரும்பவில்லை. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து, மூட்டு கழன்று தேய்ந்திருக்கிறது என்றார். "ரொம்ப நடக்கவிடாதீங்கம்மா. வழுக்குற தரையில கோணி போடுங்க. ஆனா நீந்தவிடுங்க. தண்ணியில உடம்போட பாரம் தெரியாது, கால் சதை மட்டும் உரப்படும். இவளுக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது."

ஆகவே மூவருமாகப் போனோம். நான் வலது கையில் அவரையும் இடது கையில் அவள் வாரையும் பிடித்துக்கொண்டு மெதுவாக நடப்பேன். ரோட்டில் அவள் ஒரு கிழவி. கரைச் சரிவில் இறங்கித் தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் வேறு ஆள் ஆகிவிடுவாள். மூக்கை மட்டும் மேலே வைத்து, சத்தமில்லாமல், வாலைத் திருப்பித் திருப்பிப் போவாள். அவர் கரையில் உட்கார்ந்து கையைத் தட்டுவார். அந்த நாட்களில் அவருக்கு எங்கள் பெண்ணின் பெயர் சில நேரம் வராது. பேரனைத் தன் தம்பி என்றார். ஆனால் வீட்டுக்கு வந்து துண்டைக் கையில் கொடுத்தால் போதும். முதுகு, வயிறு, விரல் இடுக்கு, காது. வரிசை மாறாது. பஞ்சை மோந்து பார்த்துத் தலையாட்டுவார். அவர் கைகள் செய்வதை நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். என் பழைய புருஷன் அந்த நேரம் மட்டும் வீட்டில் இருந்தார்.

ஒரு மத்தியானம் நான் குளித்துவிட்டு வந்தபோது வெளிக்கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை. அவளும் இல்லை. கொஞ்ச நாளாக அவருக்கு ஷிப்டுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தது. "பம்ப் நின்னுபூட்ச்சி, தண்ணி ஏறிக்கினு இருக்கு" என்று எழுந்து நிற்பார். ஏதாவது சொல்லி உட்காரவைப்பேன். நான் முதலில் ஓடியது பஸ் நிற்கும் இடத்துக்கு. அங்கே யாரும் பார்க்கவில்லை. பிறகு கால்வாய்ப் பக்கம் ஓடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. காலில் செருப்பு இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

பாதி வழியில், புல்லுக்கட்டோடு ஒரு பெண் எதிரே வேகமாக வந்தாள்.

"யம்மா, வெள்ளச் சட்ட போட்டவரு உங்க வூட்டுக்காரருங்களா? தண்ணியில ஒக்காந்துகினு இருக்காரு. கூப்ட்டா வர மாட்டேங்கறாரு. நாய் ஒண்ணு அவரப் புடிச்சுகினு இருக்கு. கிட்ட போவ எனக்குப் பயமா கீது."

நாங்கள் வழக்கமாக இறங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, கரை செங்குத்தாக இருக்கும் இடம் அது. அவர் மார்பளவு தண்ணீரில், ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று நீரோட்டம் வேகமாக இருந்தது. அவள் அவருக்கும் நடுக்கால்வாய்க்கும் இடையில், தண்ணீர் இழுக்கும் பக்கத்தில், உடம்பைக் குறுக்கே போட்டுக்கொண்டு மிதந்தாள். அவர் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பகுதி அவள் வாயில் இருந்தது. முன்னங்கால்களால் துழாவிக்கொண்டே இருந்தாள். பின்னங்கால்கள் அசைந்த மாதிரி தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கண்டதும் குரைக்கவில்லை. வாயைத் திறந்தால் கை போய்விடும்.

"வால்வ மூட வந்தேன்" என்றார் அவர் என்னிடம். "வுட மாட்டேங்கறா இவ."

அந்தப் பெண் புல்லுக்கட்டை வீசிவிட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என்னோடு இறங்கினாள். இருவருமாக அவரைத் தூக்கிக் கரையில் விட்டோம். அதன் பிறகே அவள் சட்டையைக் கவ்வியிருந்த வாயைத் திறந்தாள். மேலே ஏற முயன்று சரிந்தாள். மறுபடி முயன்றாள், மறுபடி சரிந்தாள். நான் திரும்ப இறங்கி அடிவயிற்றில் கை கொடுத்துத் தூக்கினேன். வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றியபோது பார்த்தேன். துணியில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. மணிக்கட்டில் பல் பட்ட தடம் இல்லை.

அதன் பிறகு வெளிக்கதவுக்குப் பூட்டுப் போட்டேன். அவள் மறுநாள் எழவில்லை. மருந்தில் சில நாள் எழுந்தாள், பிறகு முன்னங்கால்களால் உடம்பை இழுத்தாள், பிறகு அதுவும் இல்லை. வயிற்றுக்குக் கீழே துண்டு கொடுத்துத் தூக்கித்தான் வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வெந்நீர் கலந்து உட்காரவைத்தோம். முன்னங்கால்களால் இரண்டு முறை துழாவினாள். பிறகு விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டாள். கடைசியில் சோற்றை மறுத்தாள். அந்தக் கிண்ணத்தை முகத்துக்கு நேரே நான் பிடித்தும் அவள் தலையைத் திருப்பிக்கொண்டபோது, எனக்குத் தெரிந்துவிட்டது.

கால்நடை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். வெகுநேரம் தொட்டுப் பார்த்தார். "சிறுநீரகமும் போயிட்டிருக்கும்மா. வலியிலதான் இருக்கா. ஊசி போட்டா தூக்கத்துலயே போயிடுவா. நீங்க சொல்லணும்."

நான் அவரைப் பார்த்தேன். அவளைக் கொண்டுவந்தவர் அவர், முடிவு சொல்ல வேண்டியவரும் அவர். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்: "என்னங்க, இவளுக்கு ரொம்ப வலிக்குதாம். அனுப்பிடலாமா?"

"எங்க?"

அவர் அவள் காலைத் தொட்டுப் பார்த்தார். துடைத்து எடுத்த கால், கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும். துண்டை எடுத்து விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார். நான் மருத்துவரிடம் சரி என்று தலையசைத்தேன். என் கணவர் துடைத்துக்கொண்டே அவள் காதுக்கு வரும்போது ஊசி போட்டாகிவிட்டது. மடலைத் திருப்பி, பஞ்சை விட்டு, எடுத்து மோந்து பார்த்தார். "சுத்தமா கீது" என்றார் மருத்துவரிடம். மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொய்யாமரத்தடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் குழி வெட்டினார்கள். அவர் பக்கத்தில் நின்று பார்த்தார், நான் சொன்னதும் மண் அள்ளிப் போட்டார். அழுதார். சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: "அவ எங்க, காணோம்?"

செத்துப்போய்விட்டாள் என்றேன். அவருக்கு அது புதிய செய்தி. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதார். "எப்போ? எனக்கு ஏன் சொல்லல?" மறுநாள் காலையில் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன், மறுபடி அழுதார். எங்கள் பெண் போனில் கத்தினாள்: "அம்மா, தயவுசெஞ்சு நிறுத்து. தினம் தினம் அவருக்கு அவ செத்துகிட்டே இருக்கணுமா?"

அதற்குப் பிறகு கேட்கும்போதெல்லாம், "கால்வாய்க்குப் போயிருக்கா, வந்துடுவா" என்று சொல்லத் தொடங்கினேன். "ஓ" என்பார். முகம் தெளியும். "தண்ணின்னா வுட மாட்டா அவ." துண்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் தாண்டி நான் உள்ளே போவதும் வருவதுமாக இருப்பேன். என் அழுகையை அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழ வேண்டியிருந்தது.

விசாரித்துப்போக ஒரு நாள் கால்நடை மருத்துவர் வந்தார். தெரிந்த இடத்தில் லேப்ரடார் குட்டி இருக்கிறது, சார் கைக்கு ஒரு வேலை இருக்குமே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் அந்த இனத்துக்கு ஓட வேண்டும், நீந்த வேண்டும், எந்நேரமும் மனிதர் கூட இருக்க வேண்டும். தனியாக விட்டால் ஏங்கிவிடும். இங்கே இரண்டு பேரில் ஒருவர் நோயாளி, இன்னொருத்திக்கு முழங்கால் வலி. இன்னும் பத்து வருடத்துக்கு நாங்கள் இருப்போம் என்று எதை வைத்து ஒரு குட்டிக்குச் சொல்வது? வேண்டாம் சார் என்றேன்.

என் கணவர் அவளைக் கேட்பது மெல்ல மெல்லக் குறைந்தது. தினமும் கேட்டவர் எப்போதாவது கேட்டார். பிறகு 'அவ' என்றுகூடச் சொல்லாமல், "அந்தக் கறுப்பு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இந்த ஐப்பசி மழைக்கு வாசலில் தண்ணீர் தேங்கியது. தெருநாய் ஒன்று அதில் இறங்கி விளையாடியது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாயைப் பார்க்கிற யாரும் பார்ப்பதுபோல. "இதுக்குச் சளி புடிக்காதா?" என்று கேட்டார்.

அவர் கேட்பதை நிறுத்தினால் எனக்குப் பொய் சொல்லும் வேலை மிச்சம் என்று நினைத்திருந்தேன். மிச்சம்தான். ஆனால் அதுவரை அவள் கால்வாய்க்குப் போயிருந்தாள், எந்த நேரமும் வந்துவிடுவாள் என்று இந்த வீட்டில் ஒருவராவது நம்பிக்கொண்டிருந்தார். அவளைத் தெரிந்தவள் இங்கே இப்போது நான் ஒருத்திதான். அன்று மழை விட்டபின் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நமக்கு ஒரு நாய் இருந்தது என்று தொடங்கி, முட்டை கொண்டுவந்த கதையைச் சொன்னேன். யாரோ வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டார். முட்டை உடையவில்லை என்றபோது சிரித்தார்.

"நல்ல நாயி" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.